கணினிக் கேள்வி பதில்: ஐந்து கிழமையாகியும் பதில் இல்லையே!

கேள்வி: தமிழில் தேதி காட்டும் வசதியைத் திருத்தி, ஒரு திறந்த மூல நிரல் நூலகத்துக்குப் புல் ரிக்வெஸ்ட் (என் திருத்தத்தைச் சேர்க்கும்படி வேண்டுகை) அனுப்பினேன். கூடவே பழைய கோப்புகளின் வரி ஒழுங்கையும் சீராக்கினேன். மொத்தம் 900 வரி. ஐந்து கிழமையாக ஒருவரும் பார்க்கவில்லை. நிராகரித்துவிட்டார்களா?
— பல்கலைக்கழக மாணவி, வந்தாறுமூலை

பதில்: இல்லை. வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தால் பெரும்பாலும் மூடியிருப்பார்கள். இன்னும் யாரும் வாசிக்கத் தொடங்கவில்லை என்றே படுகிறது.

இப்படியான திட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர்களில் பலர் சம்பளமில்லாமல், வேலை முடிந்து வந்த இரவில் இதைச் செய்பவர்கள். கையில் அரை மணித்தியாலம்தான் இருந்தால் 30 வரித் திருத்தத்தைத்தான் எடுப்பார்கள். உங்கள் 900 வரியில் உண்மையான மாற்றம் 40 வரி இருக்குமா? மற்றதெல்லாம் இடைவெளியும் வரி முறிப்பும். அதற்குள் ஒரு பிழை ஒளிந்திருந்து, அதைக் கவனிக்காமல் சேர்த்துவிட்டால், நீங்கள் படிப்பு முடிந்து போன பிறகும் அதைச் சுமக்கப்போவது சேர்த்த பராமரிப்பாளர்தான். அந்தப் பயம் நியாயமானது.

பழைய பிராஞ்சை (உங்கள் மாற்றங்கள் உள்ள தனிக் கிளையை) அப்படியே வைத்துக்கொண்டு, மூலத் திட்டத்தின் இன்றைய நிலையிலிருந்து புதிய பிராஞ்ச் ஒன்று தொடங்குங்கள். தேதித் திருத்தத்தையும் அதற்கான டெஸ்ட்டையும் மட்டும் அதில் எடுங்கள். பழைய மாற்றங்களைப் பதிவு (கமிட்) செய்யாமல் அங்கே கொண்டுவந்து, 'கிட்' என்ற பதிப்புக் கருவியின் 'கிட் ஆட்' கட்டளையோடு 'பி' தெரிவைச் சேர்த்தால் மாற்றங்களைத் துண்டு துண்டாகக் காட்டிக் கேட்கும். வரி ஒழுங்கு வேலையை அவர்கள் கேட்காதவரை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இது தமிழ்த் திருத்தங்களுக்கே உரிய சிக்கல்: பார்ப்பவருக்குத் தமிழ் தெரியாது. 'ஜூன்' என்பது யூனிகோட்டில் நான்கு குறியீடுகள்: ஜ, ஊகாரக் குறி, ன, புள்ளி. மாதப் பெயரை மூன்று குறியீட்டில் வெட்டும் நிரல் புள்ளியைத் தொலைத்து 'ஜூன' என்று காட்டும். நமக்கு உடனே கண்ணில் குத்தும். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே புல் ரிக்வெஸ்ட்டின் விளக்கத்தில், நிரலுக்குக் கொடுத்த தேதி, முன்பு வந்த விடை, இப்போது வரும் விடை மூன்றையும் எழுதி, திரைப்பிடிப்பில் (ஸ்கிரீன்ஷாட்டில்) புள்ளி விழுந்த இடத்தை வட்டமிட்டுக் காட்டுங்கள். தமிழ் தெரிந்த இன்னொருவர் அதை ஓட்டிப் பார்த்து, எந்தப் பதிப்பில் ஓட்டினார், என்ன வந்தது என்று கீழே எழுதினால் பாதிச் சுமை குறைந்துவிடும்.

கேள்வி: எத்தனை நாளுக்குப் பிறகு நினைவூட்டலாம்? அடிக்கடி கேட்டால் கோபிப்பார்களோ?
— வாசகர், அக்கரைப்பற்று

பதில்: முதலில் அந்தத் திட்டத்தின் பங்களிப்பு வழிகாட்டியைப் பாருங்கள். எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டத்தில் கிழமைக்கு ஒரு தடவை நினைவூட்டுவது வழக்கம். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கேர்னலில் குறைந்தது ஒரு கிழமை பொறுக்க வேண்டும். அங்கே காலமும் முக்கியம். பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புக்கு நாள் குறிப்பதுபோல, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் புதியவற்றைச் சேர்க்க இரண்டு கிழமைதான் தருவார்கள். பிறகு ஏழெட்டுக் கிழமை பிழைதிருத்தம் மட்டும். அந்த இரண்டு கிழமைக்குள் பராமரிப்பாளர்கள் ஏற்கெனவே தேறியவற்றை மேலே அனுப்புவதில் மூழ்கியிருப்பார்கள். புதிதாக அனுப்பினால் கவனிக்க நேரமிராது.

நினைவூட்டும் முன் உங்கள் திருத்தம் மூலத்தோடு முட்டுகிறதா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். பிறகு ஒரே ஒரு வரி: "இன்றைய நிலைக்கு ஏற்பப் புதுப்பித்துள்ளேன், டெஸ்ட் எல்லாம் தேறின, பார்க்க முடியுமா?" பத்துப் பேரைப் பெயர் சொல்லி அழைக்காதீர்கள்.

நெருக்குவது வேண்டவே வேண்டாம். எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளைத் தனியொருவராகப் பார்த்துவந்த தன்னார்வலரை, 2022இல் 'ஏன் தாமதம்' என்று சிலர் மின்னஞ்சலில் தொடர்ந்து குடைந்தார்கள். அந்தச் சூழலில் உதவிக்கு வந்து பொறுப்பைப் பெற்றவரின் கணக்கிலிருந்துதான் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (கள்ளமாக உள்ளே வர வழிவிடும் நிரல்) நுழைந்தது. 2024 மார்ச்சில் அது பிடிபட்டது.

காத்திருக்கும் நேரத்தில் மற்றவர்களின் திருத்தங்களை ஓட்டிப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத் திட்டத்தில், ஒரு திருத்தம் அனுப்புபவர் இன்னொருவருடையதை மதிப்பாய்வு செய்ய வேண்டும் என்றே எதிர்பார்க்கிறார்கள். ஒரு வருடமாக எதுவுமே சேர்க்கப்படாத திட்டமென்றால் காத்திருப்பதில் பயனில்லை. உங்கள் சொந்தப் பிரதியில் திருத்தத்தைப் போட்டுப் பாவியுங்கள்.

கேள்வி: கிட்ஹப்பில் என் முதல் திருத்தத்தின் தானியங்கிச் சோதனைகள் ஓடவே இல்லை, அனுமதிக்குக் காத்திருப்பதாகக் காட்டுகிறது. நான் ஏதும் பிழை விட்டேனா?
— வாசகர், காத்தான்குடி

பதில்: உங்களில் பிழை இல்லை. முகம் தெரியாதவர்கள் அந்தச் சோதனைக் கணினிகளில் கிரிப்டோ நாணயம் தோண்டியதால், 2021 முதல் புதியவரின் சோதனைக்குப் பராமரிப்பாளரின் அனுமதி தேவைப்படுகிறது. உங்கள் ஃபோர்க்கில் (திட்டத்தின் உங்கள் பிரதியில்) 'ஆக்‌ஷன்ஸ்' பகுதியை இயக்கி, அதே பிராஞ்சை அங்கே புஷ் செய்தால் (பதிவேற்றினால்), புஷ் செய்யும்போது ஓடும்படி அமைத்த சோதனைகள் உங்கள் கணக்கிலேயே ஓடும். கடவுச்சாவி கேட்கும் சோதனைகள் மட்டும் அங்கே தோற்கும், அவற்றை விடுங்கள். மற்றவை பச்சையானதும் (தேறியதும்) அந்த இணைப்பைப் புல் ரிக்வெஸ்ட்டில் ஒட்டுங்கள்.