28 ஆட்டத்தில் எவ்வளவு வரை கேட்கலாம்? கேள்வி பதில்

நம் குழுவில் வந்த கேள்விகளுக்கு, நாம் ஆன்லைனில் ஆடும் விதியை வைத்தே பதில் சொல்கிறேன். 32 சீட்டு, நாலு பேர், எதிரெதிர் கூட்டாளிகள். ஜாக்கிக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ராஜா, ராணி, எட்டு, ஏழுக்கு ஒன்றுமில்லை. முதல் 4 சீட்டைப் பார்த்து, மொத்தம் 28 புள்ளியில் நம் அணி எவ்வளவு எடுக்கும் என்று கேட்க (ஏலம் சொல்ல) வேண்டும், குறைந்தது 14. அதிகம் கேட்டவர் துருப்பு (மற்ற இனங்களை வெட்டும் இனம்) எது என்று முடிவு செய்து, அதில் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். அப்புறம் ஆளுக்கு இன்னும் 4 சீட்டு.

ஒரே இனத்தில் ஜாக்கியும் ஒன்பதும் இருக்கு, மற்ற இரண்டும் குப்பை. 18 வரை போகலாமா அண்ணே?

குப்பை எந்த இனம் என்று முதலில் சொல்லுங்கள், தம்பி. முடிவே அதில்தான் இருக்கிறது. அதில் ஒன்று அதே இனத்து ஏழாக இருந்தால் உங்களிடம் மூன்று துருப்பு. மிச்ச 4 சீட்டில் இன்னொரு துருப்பாவது வர 100க்கு 57 வாய்ப்பு. 17 தாராளமாகக் கேட்கலாம், கூட்டாளி நல்ல ஆட்டக்காரர் என்றால் 18.

இரண்டுமே வேறு இனம் என்றால், நாலு துருப்பு சேர இன்னும் இரண்டு வந்தாக வேண்டும். அதற்கு 100க்கு 19தான் வாய்ப்பு. கையில் ஒரே ஒரு ஏழு கூடியதற்கு எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்! புள்ளியில்லாத சீட்டு என்று யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 18 கேட்டால் எதிரணிக்கு 10 புள்ளி வரைதான் விடலாம், 11 போனால் தோல்வி. இரண்டு துருப்பை வைத்துக்கொண்டு அந்த 10க்குள் அடக்குவது பெரும்பாடு. 15, மிஞ்சினால் 16, அதோடு பாஸ் சொல்லிவிடுங்கள்.

கூட்டாளியிடம் ஒரு ஜாக்கியாவது இருக்கும் என்று வைத்துக் கேட்கலாம்தானே?

கூடாது. கேட்கும் நேரத்தில் நீங்கள் பார்க்காத சீட்டு 28. அதில் 4 உங்களுக்கு, 8 கூட்டாளிக்கு, 16 எதிரணிக்கு. நீங்கள் மனதில் வைத்திருக்கும் குறிப்பிட்ட ஓர் இனத்து ஜாக்கி உங்களுக்கோ கூட்டாளிக்கோ வர 7க்கு 3தான் வாய்ப்பு. கண்ணில் பார்த்த நாலு சீட்டுக்குக் கேளுங்கள்.

மூன்று ஜாக்கி, மூன்றும் வேற வேற இனம். நாலாவது, அதில் ஒரு இனத்து ஏழு.

அருமையான கை, 17 கேளுங்கள். ஏழு எந்த இனமோ அதே துருப்பு. துருப்பு திறப்பதற்குள் (கவிழ்த்த சீட்டைக் காட்டுவதற்குள்) மற்ற இரண்டு ஜாக்கிகளையும் இறக்கிவிடுங்கள். ஓர் இனத்தில் மொத்தமே 8 சீட்டு. முதல் சுற்றில் பெரும்பாலும் எல்லோரிடமும் அந்த இனம் இருக்கும், இரண்டாவது சுற்றில் வெட்டு விழும்.

ஒரு ஜாக்கியை வைத்து 16 கேட்கலாமா?

கூட அதே இனத்தில் எத்தனை சீட்டு? முதல் பதிலைப் பாருங்கள்.

துருப்பு ஜாக்கியையே கவிழ்த்து வைத்தால் பத்திரம்தானே?

வைக்காதீர்கள். எத்தனை தடவை சொன்னாலும் வாரம் ஒருவராவது இதைச் செய்கிறார்கள். கவிழ்த்த சீட்டு துருப்பு திறக்கும் வரை உங்கள் கையில் இல்லாத சீட்டு. துருப்பு கிளாவர் என்று வையுங்கள். ஜாக்கி கவிழ்ந்து கிடக்கிறது, கையில் ஆஸும் எட்டும். எதிரணிக்காரர் விவரம் தெரியாமல் கிளாவர் ராஜாவை இறக்குகிறார். உங்கள் கூட்டாளி ராணி, அடுத்த எதிரணிக்காரர் ஒன்பது. கடைசி ஆள் நீங்கள். ஜாக்கி கையில் இருந்தால் அந்தச் சுற்றில் 5 புள்ளி உங்களுக்கு. இப்போது ஆஸால் ஒன்பதை வெல்ல முடியாது, எட்டைப் போட்டுவிட்டு 2 புள்ளி போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எட்டைக் கவிழ்த்திருந்தால் இந்தக் கஷ்டமே இல்லை.

நான் ஒத்துக்க மாட்டேன். ஜாக்கியும் எட்டும் மட்டும் இருந்து எட்டைக் கவிழ்த்தால், யாராவது அந்த இனத்தில் ஏழை இறக்கியதும் ஜாக்கியைப் போட்டே ஆகணும். வெறும் சுற்றில் வீண்!

நீங்கள் சொல்லும் கையில் அது நடக்கும். ஆனால் அந்தக் கையை வைத்து ஏன் ஏலத்தை எடுத்தீர்கள்? கவிழ்ப்பதில் வந்த சிக்கல் இல்லை இது, இரண்டு சீட்டை நம்பிக் கேட்டதால் வந்தது. அப்போதும் ஜாக்கியின் 3 புள்ளி உங்கள் கைக்குத்தான் வருகிறது.

மூன்று ஜாக்கி கையில் மட்டும் இரண்டு சீட்டுத் துருப்புக்குச் சரி சொன்னீங்களே?

சொன்னேன், இப்போதும் சொல்வேன். அங்கே 9 புள்ளி கண்ணெதிரே இருக்கிறது, துருப்பை நம்பி அந்தக் கை ஓடவில்லை. அந்த ஒரு கையில் ஜாக்கியைக் கவிழ்ப்பதும் ஏழைக் கவிழ்ப்பதும் உங்கள் விருப்பம். மூன்று துருப்பு இருந்தால் சின்னச் சீட்டைத்தான் கவிழ்க்க வேண்டும். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

அப்போ ஜாக்கி, ஒன்பது ரெண்டு மட்டும் இருந்தா?

ஒன்பதைக் கவிழ்த்து வையுங்கள்.

304 என்ற சீட்டாட்டத்துக்கும் இதே கணக்கா?

அங்கே ஜாக்கி 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. துருப்பு நீளம் பற்றிச் சொன்னது அப்படியே பொருந்தும். மற்றதை 304 ஆடுபவர்களிடம் கேளுங்கள்.

ரம்மியில் எப்போ டிராப் பண்ணணும்?

இந்தப் பகுதி 28க்கு மட்டும்.

ஒரு ஜாக்கி, ஒரு ஆஸ். 16?

முதல் பதில்.

வாய்ஸ் காலில் ஆடும்போது கூட்டாளி இழுத்து இழுத்துக் கேட்டால் அதை வைத்து முடிவு எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். "ம்ம்ம்... பதினாறு" என்று ஒருவர் இழுப்பதும், தனியாக மெசேஜ் போட்டுக் கையைச் சொல்வதும் என்னைப் பொறுத்தவரை ஒன்றுதான். அவர் தெரியாமல் இழுத்தாலும் நீங்கள் அதைப் பயன்படுத்தினால் ஆட்டம் கெட்டுப்போகும். கேட்கும் நேரத்தில் நாலு பேரும் மைக்கை அணைத்துவிட்டு எண்ணை மட்டும் தட்டுங்கள், சீட்டு இறங்க ஆரம்பித்ததும் பேசிக்கொள்ளலாம்.