வீல் மாற்றினேன், மஞ்சள் விளக்கு அணைய மறுக்கிறது: தவறு யார்மேல்?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். என் பிக்கப் ட்ரக்கில் கம்பெனி கொடுத்த 18 அங்குல வீல்களை மாற்றி, ஒரு டயர் கடையில் 20 அங்குல வீலும் எல்.டி. ரக (லைட் ட்ரக், அதாவது இலகு ரக ட்ரக்குக்கான) டயரும் போட்டேன். பழைய வீல்களில் இருந்த காற்றழுத்த சென்சார்களைக் கடைக்காரர் மாற்றிப் பொருத்தவில்லை. இப்போது வண்டியைக் கிளப்பினாலே மஞ்சள் விளக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் மினுக்கிவிட்டு நிலையாக எரிகிறது. கேட்டால், "சென்சார் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டீர்களே" என்கிறார். கியர்பாக்ஸ் கோளாறுக்காக டீலரிடம் போனால், வீல் மாற்றியதால் வாரன்டியே போச்சு என்கிறார். நான் சட்டத்தை மீறிவிட்டேனா?

பதில்: நீங்கள் மீறவில்லை. கடை மீறியிருக்கலாம்.

2000-ல் வந்த ட்ரெட் சட்டத்தின் விளைவாக, மொத்த எடைத் தகுதி (சுமையோடு சேர்த்து வண்டிக்கு அனுமதித்த அதிகபட்ச எடை) 10,000 பவுண்டுக்கு மிகாத புதிய வண்டிகளுக்கு டயர் காற்றழுத்தக் கண்காணிப்பு கட்டாயமானது. 2007 செப்டம்பரிலிருந்து இது முழுமையாக அமலில் இருக்கிறது. ஒரு வண்டியில் உள்ள கட்டாயப் பாதுகாப்புக் கருவியைத் தெரிந்தே செயலிழக்கச் செய்யக் கூடாது என்று தடுக்கும் மத்தியச் சட்டப் பிரிவு 30122. அது கட்டுப்படுத்துவது தயாரிப்பாளர், டீலர், பழுதுபார்க்கும் கடை போன்றவர்களை. வண்டியின் சொந்தக்காரர் அந்தப் பட்டியலில் இல்லை. வாடிக்கையாளர் சம்மதித்தால் பரவாயில்லை என்ற விலக்கும் அதில் இல்லை. ஆகவே உங்கள் கையெழுத்து கடையை இந்தப் பிரிவிலிருந்து காப்பாற்றாது. ஆனால் நீங்கள் பணம் கேட்டுப் போகும்போது அதே கையெழுத்தை உங்கள் முன்னால் நீட்டுவார்கள், அதையும் மறக்க வேண்டாம்.

இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். ஒன்று, ஓட்டுநர் கதவோர ஸ்டிக்கரில் உள்ள மொத்த எடைத் தகுதி. கனமான ட்ரக்குகள் 10,000 பவுண்டைத் தாண்டிவிடும். அப்படியானால் மேலே சொன்ன வாதமே நிற்காது. இன்னொன்று, வண்டியைக் கடையில் விட்டபோது விளக்கு எரிந்துகொண்டிருந்ததா? வழக்கின் உயிர் இதில்தான் இருக்கிறது. வரும்போதே சென்சார் செத்திருந்தால் கடை எதையும் செயலிழக்கச் செய்யவில்லை என்பதுதான் அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் டயர் வணிகர்களுக்கு 2011-ல் தந்த விளக்கம். கடையின் ஒர்க் ஆர்டரில் "டிபிஎம்எஸ் விளக்கு: ஆஃப்" (டயர் காற்றழுத்த விளக்கு எரியவில்லை) என்று வரவேற்பாளர் கிறுக்கியிருந்தால், அந்த ஒரு வரி உங்களுக்குப் பெரிய சாட்சி. நகல் கேட்டு வாங்குங்கள்.

இந்தப் பிரிவை வைத்து நீங்களே நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது. நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் புகார் தரலாம். பணத்துக்கு மாநிலச் சட்டப்படி சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. அதற்கு முன் 30122-ஐக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். நீதிமன்றம் போவதைவிட நாலு சென்சார் போட்டுக் கொடுப்பது கடைக்கு மலிவு.

வாரன்டிக்கு வருவோம். 1975-ன் மாக்னஸன்-மாஸ் சட்டப்படி, வெளியில் வாங்கிய பாகம் போட்டதை மட்டும் காட்டி மொத்த வாரன்டியையும் ரத்து செய்ய முடியாது. அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்று அவர்கள் காட்ட வேண்டும். உங்கள் விஷயத்தில் கொஞ்சம் சிக்கல்: டயரின் வெளி விட்டம் கூடினால் கியர்பாக்ஸ்மேல் பளுவும் கூடும். பெரிய வீலுக்குப் பக்கச் சுவர் உயரம் குறைந்த டயர் போட்டு, வெளி விட்டம் பழையபடியே இருந்தால் டீலரின் வாதம் பலவீனம். டயரின் பக்கச் சுவரில் இருக்கும் அளவைப் படம் எடுத்துக்கொண்டு, மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாயால் "போச்சு" என்றவர்கள் எழுதித் தரத் தயங்குவார்கள்.

சென்சார் போட்டதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். காற்றழுத்தம் பரிந்துரைத்த அளவிலிருந்து 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பது விதி. அந்தப் பரிந்துரை பழைய டயருக்கானது. கதவோரத்தில் 35 பிஎஸ்ஐ என்று இருந்தால் சுமார் 26-ல்தான் எச்சரிக்கும். எல்.டி. டயர் அதே பாரத்தைச் சுமக்கக் கூடுதல் அழுத்தம் கேட்கும்; அதற்கு 26 என்பது அபாய எல்லையைத் தாண்டிய நிலை. எச்சரிக்கை அளவை மாற்றியமைக்க முடியுமா என்பதையும் கடைக்கு எழுதும் அதே கடிதத்தில் கேளுங்கள். அதுவரை டயர் சூடேறும் முன் கேஜ் வைத்துப் பார்த்துக் குறித்து வையுங்கள். விபத்து என்று ஒன்று வந்தால், விளக்கு எத்தனை நாளாக எரிந்தது, அப்புறமும் ஏன் ஓட்டினீர்கள் என்றுதான் எதிர்த்தரப்பு வக்கீல் ஆரம்பிப்பார்.