காயில் ஏன் எரிந்தது என்று தெரிந்த பிறகு மோட்டாரைக் கட்டுங்கள்

கேள்வி: கிணற்றில் 5 எச்.பி. மும்முனை மோனோபிளாக் மோட்டார் ஓடுகிறது. ஒரே வருடத்தில் இரண்டு முறை காயில் எரிந்துவிட்டது. இரண்டாவது முறை எரிந்தபோது மழை பெய்து கிணறு நிறைந்திருந்தது. அடிக்கடி ரீவைண்டிங் செய்து கட்டுப்படியாகவில்லை. என்ன பராமரிப்பு செய்ய வேண்டும்?

பதில்: எரிந்த காயிலை வெட்டி எடுப்பதற்கு முன் ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். எதனால் எரிந்தது என்பதைக் காயிலே காட்டிவிடும். ஸ்டார் இணைப்பில் (மூன்று காயில்களின் ஒரு நுனியை ஒன்றாகச் சேர்ப்பது) ஓடிய மோட்டாரில் இரண்டு பேஸ் (முனை) காயில்கள் கருகி ஒன்று மட்டும் புதிதுபோல இருந்தாலும், டெல்டா இணைப்பில் (ஒன்றின் நுனியோடு அடுத்ததைக் கோத்து முக்கோணமாகச் சேர்ப்பது) ஒரு பேஸ் மட்டும் கருகியிருந்தாலும், ஒரு முனை மின்சாரம் இல்லாமல் மோட்டார் ஓடியிருக்கிறது. எல்லாக் காயிலும் ஒரே சீராகக் கருத்திருந்தால் அதிகச் சுமை, குறைந்த வோல்டேஜ், அல்லது மோட்டார் இறுகி நின்றது காரணம். ஓரிடத்தில் மட்டும் பொத்தல் விழுந்திருந்தால் ஈரம் இறங்கியிருக்கும், இல்லை இன்சுலேஷன் பழுது.

ஒரு முனை போனால் மீதி இரண்டு வயரில் ஆம்பியர் சுமார் 1.7 மடங்கு ஏறும். ஓவர்லோடு ரிலே (ஆம்பியர் அளவு மீறினால் மோட்டாரைத் துண்டிக்கும் ஸ்டார்ட்டர் பாகம்) சரியாக இருந்தால் அப்போதே மோட்டாரை நிறுத்திவிடும். 'அடிக்கடி டிரிப் ஆகிறது' என்று ரிலேயைக் கூட்டி வைப்பதுதான் பெரும்பாலான மோட்டார்களை எரிக்கிறது. நேரடி ஸ்டார்ட்டர் என்றால் மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியரையே ரிலேயில் வையுங்கள். 5 எச்.பி.க்கு அது ஏறக்குறைய 7.5 ஆம்பியர். மோட்டாரை ஸ்டாரில் கிளப்பி டெல்டாவுக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே பெரும்பாலும் காயில் வரிசையில் இருக்கும். அங்கே தகட்டு அளவில் 58 சதவீதம், அதாவது சுமார் 4.3 ஆம்பியர் வைக்க வேண்டும். இது தெரியாமல் முழு அளவையும் வைத்துவிடுகிறார்கள். ஃபியூஸ் கட்டையில் கையில் கிடைத்த செம்புக் கம்பியை முறுக்கிப் போடாதீர்கள். இரண்டு முனை மின்சாரம் வரும் நேரத்தில் கண்டன்சர் வைத்து ஓட்டுவதையும் விட்டுவிடுங்கள். காயில்களில் மின்னோட்டம் சமமாகப் பாயாமல் ஒன்று மட்டும் சூடாகிக்கொண்டே இருக்கும்.

மழைக்காலத்தில் எரிந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். நீர்மட்டம் ஏறினால் பம்பு தூக்க வேண்டிய உயரம் குறையும், அதிகத் தண்ணீர் தள்ளும், அதனால் ஆம்பியர் கூடும். வேலை சுலபமாகிவிட்டது என்று நினைப்பது இந்த வகைப் பம்புக்குப் பொருந்தாது. டெலிவரி வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, தகட்டு ஆம்பியருக்குள் கொண்டுவாருங்கள்.

மாதம் ஒருமுறை கிளாம்ப் மீட்டரால் மூன்று வயரையும் அளந்து குறித்து வையுங்கள். ஒன்றில் மட்டும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், மெயினை அணைத்துவிட்டு மூன்று வயரையும் ஒவ்வொரு இடம் தள்ளி மாட்டுங்கள். சுற்றும் திசை மாறாது. அதிக ஆம்பியர் லைன் வயரோடு நகர்ந்தால் கோளாறு மின்சாரத்தில். மோட்டாரின் அதே முனையில் நின்றால் காயிலில். இரண்டு முனைகளுக்கு இடையே வோல்டேஜ் 350க்குக் கீழே போனால் மோட்டாரைப் போடவே வேண்டாம்.

கிளாண்டில் (பம்பிலிருந்து ஷாஃப்ட் வெளிவரும் இடத்தைக் கயிறு சுற்றி அடைத்திருக்கும் பகுதி) நிமிடத்துக்கு 30 முதல் 60 சொட்டு கசிய வேண்டும். ஒரு சொட்டும் வராதபடி இறுக்கினால் ஷாஃப்ட் தேயும், மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும். ஓடையாக வடிந்தால் அந்தத் தண்ணீர் பேரிங்குக்குள் போய் கிரீஸைக் கெடுக்கும். கயிறு மாற்றும்போது ஒவ்வொரு வளையத்தின் இணைப்பும் முந்தையதற்கு நேராக வராமல் திருப்பி வையுங்கள். கிரீஸ் போடும் பேரிங் என்றால் உள்ளிடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை போதும். நிறைய அடைத்தால் அதுவே சூடாகும். பழையதை மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்திய பிறகே புதியது. இரண்டு பக்கமும் மூடிய பேரிங்குக்கு கிரீஸ் வேண்டாம், சத்தம் வந்தால் மாற்றிவிடுங்கள். தேய்ந்த பேரிங்கோடு ஓட்டினால் ரோட்டார் உரசி ஸ்டேட்டரே பாழாகும், அதன் பிறகு ரீவைண்டிங்கும் பயன்படாது.

ஸ்டார்ட்டரில் எறும்பும் பல்லியும் புகாதபடி வயர் துளைகளை அடையுங்கள். தளர்ந்த டெர்மினல் நட்டு சூடாகி வயரைத் தின்றுவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெயினை அணைத்து, டெஸ்டரால் உறுதிசெய்துகொண்டு இறுக்குங்கள். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த மோட்டாரை, 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) 1 மெகா ஓம் காட்டாதவரை ஓட்டக் கூடாது. குறைவாக இருந்தால் மூடியைக் கழற்றி, காயிலுக்கு நேராக 100 வாட் குண்டு பல்பை எரியவிட்டு உலர்த்தி, மறுபடி அளந்து பாருங்கள்.