வீடு கட்டுகிறவர்கள், கூட்டிக் கட்டுகிறவர்கள் கேட்ட கேள்விகள்: ஒரு சைட் இன்ஜினியரின் பதில்கள்

நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன, ஒரே மாதிரி வந்ததைச் சேர்த்துவிட்டேன். நான் 22 வருடமாக சைட்டில் நிற்பவள். ஆபீஸில் உட்கார்ந்து பிளான் போட்ட நாளைவிட கம்பி மேல் நடந்த நாள்தான் அதிகம், அதனால் பதிலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

அக்கா, மூன்று கான்ட்ராக்டர்களிடம் எஸ்டிமேட் கேட்டோம். ஒருவர் மட்டும் மற்ற இருவரைவிடக் கால்வாசி குறைத்துச் சொல்கிறார். அவருக்கே கொடுத்துவிடலாமா?

மூன்று பேரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொன்னார்களா என்று முதலில் பாருங்கள் தம்பி. "சதுர அடிக்கு இவ்வளவு" என்று வாங்கியிருந்தால் அநேகமாக இருக்காது. ஒருவர் செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, காம்பவுண்ட் சுவர் எல்லாம் சேர்த்துச் சொல்லியிருப்பார், இன்னொருவர் அதையெல்லாம் பிறகு "எக்ஸ்ட்ரா" என்று கேட்கலாம் என்று விட்டிருப்பார். நீங்களே ஒரு பட்டியல் போட்டு (மண் தோண்டுவது எத்தனை கன அடி, கான்கிரீட் எவ்வளவு, கம்பி எத்தனை கிலோ, எந்த டைல்ஸ், எத்தனை கதவு, எத்தனை லைட் பாயின்ட்) அதே தாளை மூன்று பேரிடமும் கொடுத்து ஒவ்வொரு வரிக்கும் விலை எழுதச் சொல்லுங்கள். பட்டியல் போடத் தெரியாவிட்டால் ஒரு இன்ஜினியருக்குப் பணம் கொடுத்துப் போடுங்கள், அந்தச் செலவு வீண் போகாது.

அப்புறம், அவர் கட்டி மூன்று நான்கு மழைக்காலம் பார்த்த ஒரு வீட்டுக்கும், இப்போது கட்டிக்கொண்டிருக்கும் ஒரு சைட்டுக்கும் சொல்லாமல் போய் வாருங்கள். சைட்டில் சிமென்ட் மூட்டை தரையில் கிடக்கிறதா, பலகை மேல் சுவரை ஒட்டாமல் அடுக்கியிருக்கிறதா? நேற்றுக் கட்டிய சுவருக்குத் தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருக்கிறார்களா? முடிந்தால் கொத்தனாரிடம் வாராவாரம் கூலி ஒழுங்காக வருகிறதா என்று கேளுங்கள். கூலி பாக்கி வைக்கிற கான்ட்ராக்டர் வேலையில் ஆள் நிற்காது, இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

தெரிந்தவர்தான், "நமக்குள் எதுக்குங்க அக்ரிமென்ட்" என்கிறார்.

தெரிந்தவர் என்றால் கட்டாயம் எழுதுங்கள். சண்டை வந்தால் வீட்டோடு உறவும் போகும். என்ன வேலை, என்ன பொருள், எந்தத் தேதிக்குள், எந்த நிலையில் எவ்வளவு பணம், தாமதமானால் என்ன, முடிந்த பிறகு விரிசலோ ஒழுகலோ வந்தால் எத்தனை மாதம் வரை அவர் பொறுப்பு, சைட்டில் யாருக்காவது அடிபட்டால் காப்பீடு யாருடையது. இவ்வளவும் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும்.

பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார் மேடம். கொடுக்கலாமா?

கூடாது. ஆள் சேர்க்க, சென்ட்ரிங் சாமான் (கான்கிரீட் இறுகும் வரை தாங்கும் ஷீட், முட்டு) கொண்டுவர ஒரு சின்ன முன்பணம் நியாயம்தான், 10 சதவீதம் வரை கொடுக்கலாம், அதையும் அடுத்தடுத்த பில்லில் கழித்துக்கொண்டே வரவேண்டும். மீதியை வேலையோடு கட்டிவிடுங்கள்: பேஸ்மென்ட் (வீட்டுத் தரை மட்டம் வரை) முடிந்ததும் இவ்வளவு, லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் குறுக்குக் கான்கிரீட்) மட்டம் வந்ததும் இவ்வளவு, ரூஃப் போட்டதும் இவ்வளவு, பூச்சு, தரை, பெயின்ட் என்று. ஒவ்வொரு பில்லிலும் 5 முதல் 10 சதவீதம் பிடித்து வைத்து, வீட்டை ஒப்படைத்து சில மாதம் கழித்துக் கொடுப்பது வழக்கம். கடைசியில் நிற்கிற குழாய்க் கசிவு, சரியாக மூடாத கதவு இதற்கெல்லாம் ஆளைத் திரும்ப வரவைப்பது அந்தப் பிடித்தம்தான்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். வேலை முடிந்து நீங்களும் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு பணத்தை இழுத்தடிக்காதீர்கள். அந்தப் பணத்தில்தான் சனிக்கிழமை சித்தாளுக்குக் கூலி போகிறது.

15 வருட வீட்டுக்கு மேலே ஒரு மாடி எடுக்க ஆசை. பில்லர் நல்லா இருக்கு, தாங்கும் என்கிறார் மேஸ்திரி.

மேஸ்திரி நல்லவராகவே இருக்கட்டும், பில்லரின் வெளிப்பூச்சைப் பார்த்து யாராலும் இதைச் சொல்ல முடியாது. பில்லருக்குள் எத்தனை கம்பி, என்ன தடிமன், கீழே அஸ்திவாரம் எவ்வளவு அகலம், மண் எவ்வளவு தாங்கும், இந்த நான்கும் தெரியவேண்டும். பழைய ஸ்ட்ரக்சுரல் டிராயிங் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து ஒரு பில்லர் பக்கத்தில் குழி தோண்டி அஸ்திவாரத்தை அளப்பார், கம்பி ஸ்கேன் பண்ணுவார், தேவைப்பட்டால் கான்கிரீட்டில் கோர் (உருளை மாதிரி ஒரு துண்டு) எடுத்து உடைத்துப் பார்ப்பார். பில்லரே இல்லாத, சுவர் மேலேயே ரூஃப் உட்கார்ந்த வீடு என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கீழ்ச் சுவருக்கு நேராக மேல்சுவர் வராவிட்டால் பாரம் ஸ்லாப் (ரூஃப் கான்கிரீட் தளம்) நடுவில் இறங்கும்.

சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுச்சுவரை எடுக்கலாமா என்று நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் இதே பதில்தான். தட்டிப் பார்த்துத் தெரியாது, சுவரின் தடிமனை வைத்தும் உறுதியாகச் சொல்ல முடியாது. இன்ஜினியர் எழுதிக் கொடுத்து, முட்டு கொடுத்து, மாற்று பீம் வைக்கிற வரை சம்மட்டியைத் தொடவே விடாதீர்கள்.

ரூஃப் போடும் நாளில் எனக்கு எதுவுமே தெரியாதே, நின்று என்ன பார்ப்பது?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. கான்கிரீட் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலமே மேலே ஏறிவிடுங்கள். குனிந்து, கம்பிக்கும் அடியில் இருக்கும் ஷீட்டுக்கும் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். விரல் போகவில்லை, கம்பி ஷீட்டில் ஒட்டிக் கிடக்கிறது என்றால் கவர் பிளாக் (கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டை) வைக்கவில்லை, அல்லது மேலே நடந்து நடந்து நழுவிவிட்டது. ஸ்லாபுக்கு அடியில் 20 முதல் 25 மி.மீ., பில்லருக்குப் பக்கத்தில் 40 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்கவேண்டும். அது இல்லாத இடத்தில் ஈரம் கம்பியைத் தொட்டு, துரு பிடித்து, துரு ஊதி, சில வருடத்தில் சீலிங் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். சில்லுக் கல்லையோ உடைந்த டைல்ஸையோ கவருக்கு வைத்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு கீழே இறங்கி ஷீட்டைத் தாங்கும் ஒவ்வொரு முட்டுக் கம்பத்தையும் கையால் ஆட்டிப் பாருங்கள், ஒன்றுகூட ஆடக்கூடாது.

மறுநாள் நீங்கள் பார்க்கவேண்டியது தண்ணீர். கலவை இளகலாக இருந்தால் கொட்ட சுலபம், அதனால் ஒரு வாளி சேர்த்து ஊற்றப் பார்ப்பார்கள். 50 கிலோ சிமென்டுக்கு 25 லிட்டர் தண்ணீர் என்றால் தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.5, அதற்கு மேல் ஊற்றும் ஒவ்வொரு லிட்டரும் பலத்தைக் குறைக்கும். மிக்சர் பக்கத்தில் நின்று எண்ணினாலே போதும், கை தானாகக் கட்டுப்படும். வைப்ரேட்டர் (கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் மெஷின்) இரண்டு இருக்கட்டும், ஒன்று நின்றுவிட்டால் வேலை நிற்காது.

சென்ட்ரிங் எப்போது பிரிக்கலாம்? ஒரு வாரத்தில் பிரிக்கிறேன் என்கிறார்.

ஏழு நாளில் கான்கிரீட் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பலம்தான் எடுத்திருக்கும், டிசைன் பலத்தைக் கணக்கெடுப்பது 28-ஆம் நாள். சின்ன ஸ்லாபுக்கு ஒரு வாரம் போதலாம், நீளமான ஸ்லாபுக்கும் பீமுக்கும் இரண்டு மூன்று வாரம் முட்டு நிற்கவேண்டும். குளிர் நாளில் இன்னும் கூடும். தேதியை இன்ஜினியர் எழுதித் தரட்டும். அதுவரை பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், குறைந்தது 7 நாள், வெயில் கடுமை என்றால் 10 முதல் 14 நாள்.

பாத்ரூம் மாற்றி அமைக்கிறோம். எதில் கவனம் வேண்டும்?

டைல்ஸ் நிறத்துக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியைக் கீழே இருக்கும் வாட்டர்புரூஃபிங்குக்குக் கொடுங்கள். பூசி முடித்ததும் வடிகாலை அடைத்து, தரையில் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து 48 மணி நேரம் விடுங்கள். கீழ்த்தளத்து சீலிங்கையும் பாருங்கள். குழாய்களைச் சுவர் பூசுவதற்கு முன்பே பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றிச் சோதிக்கவேண்டும்.

அப்புறம் போட்டோ. என் அம்மா வீட்டில் பூச்சுக்கு முன்னால் யாரும் எடுக்கவில்லை, வேலை பார்த்த பிளம்பரும் குழாயை நேராக இறக்காமல் குறுக்கே கொண்டுபோயிருந்தார். ஆறு மாதம் கழித்துத் துண்டு மாட்ட ஒரு கம்பி அடிக்க டிரில் போட்டோம், ஒரே நொடியில் செம்மண் கரைத்த மாதிரி செங்கல் தூளோடு தண்ணீர் பீறிட்டு அடித்தது. எட்டு டைல்ஸ் உடைத்துத்தான் சரிசெய்தோம், அதே நிற டைல்ஸ் கிடைக்கவே இல்லை. ஒவ்வொரு சுவர் முன்னாலும் டேப்பை விரித்துப் பிடித்து, அளவு தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள்.

பட்ஜெட் ஏன் எப்போதும் எகிறுகிறது?

பாதி நேரம், நடுவில் மனசு மாறுவதால். "அந்த ஜன்னலை இந்தப் பக்கம் வைங்க" என்று வாயால் சொல்வது ஒரு நிமிடம், அதற்கு உடைக்கவேண்டும், லிண்டல் திரும்பப் போடவேண்டும், கிரில் அளவு மாறும். எந்த மாற்றமானாலும் விலையும் கூடுதல் நாளும் எழுதிக் கையெழுத்தான பிறகே தொடங்கட்டும். புது வீட்டுக்கு 10 சதவீதமாவது தனியாக வையுங்கள். பழைய வீட்டை மாற்றுவது என்றால் 15 முதல் 20, சுவரை உடைத்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

கான்ட்ராக்டர் பாதியில் விட்டுப் போய்விட்டார் அக்கா. போனும் எடுப்பதில்லை. அடுத்த ஆளை உடனே விடலாமா?

ரொம்பக் கஷ்டமான நிலைமைதான் தங்கச்சி, ஆனாலும் நாளைக்கே விடாதீர்கள். புது ஆள் கை வைத்துவிட்டால் எது யார் வேலை என்று பிரிக்கவே முடியாது. முதலில் தேதியோடு எல்லா மூலையையும் படம் எடுங்கள். இந்த இரண்டு பேருக்கும் சம்பந்தமில்லாத ஒரு இன்ஜினியரை வைத்து, முடிந்த வேலையை அளந்து, மீதியையும் குறையையும் எழுதி வாங்குங்கள். பழையவருக்கு அக்ரிமென்டில் உள்ள முகவரிக்கு ஒரு கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் பதிவோடு கடிதம் அனுப்புங்கள், தொகை பெரிது என்றால் வக்கீல் மூலம். அதுவரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பில்லர் கம்பிகளுக்கு சிமென்ட் பால் அடித்து, மூட்டை மிச்சம் இருந்தால் மழை படாமல் மூடி வையுங்கள், மூன்று மாதம் தாண்டிய சிமென்டைச் சோதிக்காமல் கான்கிரீட்டுக்கு எடுக்காதீர்கள். அளவுத் தாள் கைக்கு வந்ததும் இங்கேயே போடுங்கள், எந்த வேலையிலிருந்து தொடங்கலாம் என்று வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.