கம்பியை இணைக்க வைத்தது யார்?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு காலத்தில் வட்டாரத்துக்கு ஒரு டெலிபோன் கம்பெனி இருந்ததாமே, அவை எப்படி ஒத்துப்போயின? போட்டி இருந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்கிறான் என் மகன்.
- ஒரு வாசகர், பாவூர்சத்திரம்

பதில்: தானாகவா? ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்சே தானாக வரவில்லையே! கன்சாஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர். பிண அடக்கம் செய்து கொடுப்பது தொழில். தனக்கு வரும் அழைப்புகளை, கையால் இணைப்புக் கொடுக்கும் எக்ஸ்சேஞ்ச் பெண்மணி போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்று அவருக்குச் சந்தேகம். அந்தப் பெண்மணி போட்டிக்காரரின் மனைவி என்றும் சொல்வார்கள். சாவு விழுந்த வீட்டுக்காரர் நாளைக்குக் கூப்பிடுவோம் என்று காத்திருப்பாரா, போன கிராக்கி போனதுதான். அந்த ஆத்திரத்தில் ஆபரேட்டரே தேவைப்படாத கருவியைச் செய்து 1891-இல் காப்புரிமையும் வாங்கிவிட்டார். அடுத்த வருஷமே இண்டியானாவில் லா போர்ட் என்ற சின்ன ஊரில் அது ஓட ஆரம்பித்தது. அன்றைய பெரிய டெலிபோன் கம்பெனியான பெல் அதைச் சீந்தாமல் இருந்த காலத்தில் வாங்கி மாட்டியவை சின்னக் கம்பெனிகள்தான்.

சரி, ஒத்துப்போன கதைக்கு வருகிறேன். பெல்லின் காப்புரிமைகள் 1893, 94-இல் முடிந்ததும் ஆயிரக்கணக்கில் கம்பெனிகள் முளைத்தன. அவற்றுக்கு இணைப்புத் தர பெல் மறுத்தது. அதனால் கடைக்காரர் மேஜையில் இரண்டு போன், மாசம் இரண்டு பில். அரசு ஏகபோக வழக்கைக் கையில் எடுத்த பிறகுதான், 1913 டிசம்பரில் பெல்லின் தாய்க் கம்பெனியான ஏ.டி. அண்ட் டி.யின் துணைத் தலைவர் கிங்ஸ்பரி கடிதம் எழுதிக் கொடுத்தார்: தொலைதூரக் கம்பிகளில் மற்றவர்களையும் சேர்த்துக்கொள்கிறோம் என்று. உள்ளூருக்குள் அப்போதும் கதவு திறக்கவில்லை. கம்பெனிகள் எட்டிப் பார்க்காத இடங்களில் விவசாயிகள் வேலிக் கம்பியிலேயே பேசிக்கொண்டார்கள். 1949-இல் சட்டம் போட்டுக் கடன் கொடுத்த பிறகு கிராமங்களில் கூட்டுறவு டெலிபோன் சங்கங்கள் வளர்ந்தன. 1984-இல் பெல் சாம்ராஜ்யத்தை உடைத்தபோது பிறந்த ஏழு வட்டாரக் கம்பெனிகளும் சேர்ந்து பெல்கோர் என்ற ஆய்வுக்கூடத்தை நடத்தின. அவரவர் எல்லை அவரவருக்கு என்று இருந்ததால் அங்கே ஒற்றுமை சுலபம்.

நம்ம ஊருக்கு வாருங்கள். 2023 டிசம்பர் வெள்ளம், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் தெருவில் ஒரேயொரு கம்பெனி சிம்முக்கு மட்டும் விட்டு விட்டு சிக்னல். அந்த சிம் வைத்திருந்த தம்பியை மொட்டை மாடியில் சுற்றி நின்றோம், ஆளுக்கொரு துண்டுச் சீட்டோடு. பாதிப்பேருக்குப் பெற்ற பிள்ளை நம்பர்கூட மனப்பாடம் இல்லை, அணைந்துபோன போனுக்குள் கிடந்தது. சார்ஜ் இருந்த போன்களும் சும்மாதான் இருந்தன, வேறு கம்பெனி சிம் என்ற ஒரே காரணத்தால். ஒரு கோபுரம் எல்லாக் கம்பெனி சிம்மையும் ஏற்கும் ஏற்பாடு இருக்கிறது. அரசுப் பணத்தில் எழுந்த கோபுரங்களில் 2025 ஜனவரியில் அதைத் தொடங்கியும் வைத்தார்கள். ஆற்றங்கரையிலும் பாபநாசம் மலையடிவாரத்திலும் இருக்கிற எல்லாக் கோபுரத்துக்கும், மழை எச்சரிக்கை வந்த உடனேயே, அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் கத்திக்கொண்டே இருக்கிறேன். கம்பெனிகள் மனமிரங்கும் என்று காத்திருந்தால் அடுத்த வெள்ளமும் வந்துவிடும், ஐயா. உங்கள் மகனையே எம்.பி.க்கு ஒரு மனு எழுதச் சொல்லுங்கள். நகலை எனக்கு அனுப்பினால் முழுசாகப் பிரசுரிக்கிறேன்.