எஃப்லார்னிதின்: இரண்டு நொதியிலும் ஒரே ஐசி50 வந்தால்

தூக்க நோய் மருந்தான எஃப்லார்னிதின் மனித நொதியிலும் ஒட்டுண்ணி நொதியிலும் ஒரே ஐசி50 (நொதியின் வேலையைப் பாதியாக்கும் மருந்துச் செறிவு) காட்டினால், தவறான நொதியைக் குறிவைத்துவிட்டோமோ என்று தோன்றும். இலக்கை மாற்ற வேண்டாம். மனித ஆர்னிதின் டிகார்பாக்ஸிலேஸையும் (செல் வளர்ச்சிக்கு வேண்டிய புட்ரெசினைத் தயாரிக்கும் நொதி) தூக்க நோய் ஒட்டுண்ணியின் நொதியையும் எஃப்லார்னிதின் ஏறக்குறைய ஒரே அளவில்தான் முடக்கும். உங்கள் ஐசி50 இரண்டிலும் ஒன்றாக வந்தது பிழையில்லை.

வித்தியாசம் பிணைப்பில் இல்லை, நொதியின் ஆயுளில் இருக்கிறது. இந்த மருந்து நொதியோடு சகபிணைப்பில் ஒட்டிக்கொண்டு அதை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். நம் செல்களில் அந்த நொதியின் அரை ஆயுள் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. கெட்டது போனால் புதியது வந்துவிடும். தூக்க நோய் ஒட்டுண்ணியின் ஒரு வகையான டிரிபனோசோமா புருசி காம்பியன்ஸில் பல மணி நேரம். அங்கே புட்ரெசின் வற்றி, அப்புறம் அதிலிருந்து உருவாகும் ஸ்பெர்மிடின், ஒட்டுண்ணியைக் காக்கும் டிரிபனோதயோன் எல்லாம் குறையும். தூக்க நோய்க்கு இந்த மருந்தைத் தர 1990-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சரிபார்க்க: இரண்டு வகைச் செல்களிலும் சைக்ளோஹெக்ஸிமைடு (புதுப் புரத உற்பத்தியை நிறுத்தும் பொருள்) போட்டு, இருபது நிமிடத்துக்கு ஒரு மாதிரி எடுத்து நொதிச் செயல்பாட்டை அளந்து பாருங்கள். ஒன்று சடசடவென்று சரியும், மற்றது நிற்கும். தனியாக ஒரு தட்டில் மருந்தோடு புட்ரெசினும் சேருங்கள்; ஒட்டுண்ணி மறுபடி வளர்ந்தால் மருந்து இந்த வழியாகத்தான் வேலை செய்கிறது.

ஒரு எச்சரிக்கை. புட்ரெசினுக்குப் பதில் அதே குடும்பத்து ஸ்பெர்மின் போட்டுவிடாதீர்கள், வளர்ப்பு ஊடகத்தில் சேர்க்கும் மாட்டு சீரத்திலுள்ள அமைன் ஆக்ஸிடேஸ் அதை நச்சாக்கிவிடும். ஒட்டுண்ணி ரொடீசியன்ஸ் என்ற இன்னொரு வகை என்றால் மருந்து சரியாக எடுபடாது. அதன் நொதி சீக்கிரம் புதுப்பிக்கப்படுகிறது. முடக்கம் நேரத்தோடு கூடுவதால், நொதியை மருந்துடன் எத்தனை நிமிடம் முன்கூட்டி வைத்தீர்கள் என்று எழுதாத ஐசி50-க்கு இங்கே மதிப்பே கிடையாது.