தாத்தாவின் .303 துப்பாக்கி பார்சலில் வரலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு வயது 36, சிங்கப்பூர்க் குடிமகன். என் தாத்தா மலாயாவில் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தவர். 1943-இல் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐஎன்ஏ) சேர்ந்தார். அந்தக் காலச் சீருடை, பூட்ஸ், இடுப்புப் பட்டி எல்லாவற்றையும் அச்சு அசலாகச் சேர்த்து, அந்த வீரர்களைப் போலவே அணிவகுத்து நிற்கும் பொழுதுபோக்கில் நானும் ஆறு நண்பர்களும் இறங்கியிருக்கிறோம். ‘ரீஎனாக்ட்மென்ட்’ என்று வெளிநாட்டில் சொல்வார்களே, அதுதான். வரும் அக்டோபர் 21 அன்று எஸ்பிளனேட் பூங்காவில் ஐஎன்ஏ நினைவிடத்தில் நிற்க ஆசை. இங்கிலாந்துக் கடை ஒன்றில் செயலிழக்கச் செய்த .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கிக்கும் பயனெட்டுக்கும் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) முன்பணம் கட்டிவிட்டேன். “சான்றிதழ் இருக்கிறது, சுடாது” என்கிறார் கடைக்காரர். நண்பர் ஒருவரோ, “அது எதுக்கு? ஃபைலை டவுன்லோடு பண்ணி 3டி பிரிண்டரில் அடிச்சிக்கலாம்” என்கிறார். எது பாதுகாப்பு?

பதில்: இரண்டுமே இல்லை. இந்தப் பதிலை முழுதாகப் படிக்கும் முன்பே கடைக்காரருக்கு எழுதி, பார்சலை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் வந்து மீதியைப் படியுங்கள்.

செயலிழக்கச் செய்த துப்பாக்கியைச் சான்றிதழோடு வீட்டில் வைத்துக்கொள்ள இங்கிலாந்துச் சட்டம் இடம் தருகிறது. அந்தச் சான்றிதழுக்கு நம் ஊரில் மதிப்பில்லை. இங்கே 1973-ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டம் துப்பாக்கியை மட்டுமல்ல, அதன் உதிரி பாகத்தையும் ‘ஆயுதம்’ என்றே பார்க்கிறது. குழலை அடைத்திருக்கலாம்; குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் நல்ல நிலையில் இருந்தால் என்ன சொல்வீர்கள்? சட்டவிரோதமாக ஆயுதம் வைத்திருந்தால் குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை, கூடவே 6-க்குக் குறையாத பிரம்படி. 5 என்பது சட்டமே போட்ட அடித்தளம். தாத்தா கதையைக் கேட்டு நீதிபதி மனம் உருகினாலும் அதற்குக் கீழே இறங்க முடியாது. கைத்துப்பாக்கி வடிவ சிகரெட் லைட்டரைக்கூட உள்ளே விடாத நாடு இது. நீங்கள் முழு ரைஃபிளைத் தபாலில் வரவழைக்கப் பார்க்கிறீர்கள்.

நண்பரின் யோசனை இன்னும் மோசம். துப்பாக்கிகள், வெடிபொருள்கள், ஆயுதங்கள் கட்டுப்பாட்டுக்காக 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், உரிமம் இல்லாமல் துப்பாக்கியின் டிஜிட்டல் வரைபடத்தை வைத்திருப்பதையே குற்றமாக்குகிறது. அச்சடிக்கவே வேண்டாம், ஃபைல் கணினியில் இருந்தாலே போதும். “பார்த்துட்டு அழிச்சிடலாம்” என்று டவுன்லோடு செய்யாதீர்கள். அவர் ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தால், அதை உங்களுக்கோ குழுவில் வேறு யாருக்கோ அனுப்பாமல் ஒரு வழக்கறிஞரை நேரில் பார்க்கச் சொல்லுங்கள்.

பயனெட்டையும் வீட்டு அலங்காரப் பொருள் என்று நினைக்க வேண்டாம். காவல்துறையின் அனுமதி இல்லாமல் அதைத் தருவிக்காதீர்கள். வந்த பிறகு அதை இடுப்பில் தொங்கவிட்டு ஃபேரர் பார்க் நிலையத்தில் ரயில் ஏறினால் அது வேறொரு குற்றம்: சட்டப்படியான காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் ஏந்துவது. அதற்கு 3 ஆண்டு வரை சிறை, அதோடு பிரம்படி. மரத்தில் செதுக்கிய துப்பாக்கியாக இருந்தாலும், நீளப் பையிலிருந்து அதன் முனை நீட்டிக்கொண்டிருந்தால் பெட்டியில் எதிரே இருப்பவர் போலீஸின் 999-ஐத்தான் அழைப்பார். அவர் செய்வது சரிதான். அதனால் மரமோ ரப்பரோ, துப்பாக்கி போலத் தெரியும் எதையும் செய்வதற்கு முன் காவல்துறையின் உரிமப் பிரிவுக்குப் படம், அளவு, பொருள் எல்லாம் போட்டு எழுதிக் கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை கை வைக்காதீர்கள்.

சீருடையில் பெரிய சிக்கல் இல்லை. சிங்கப்பூர் ராணுவ வீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு உடுத்தினால்தான் தண்டனைச் சட்டத்தின் 140-ஆம் பிரிவு வரும். 1943-ஆம் ஆண்டுக் காக்கியையும் சாய்த்து வைத்த தொப்பியையும் பார்த்து யாரும் அப்படி நினைக்கப் போவதில்லை. ஆனால் தேசிய சேவையில் கொடுத்த நம்பர் ஃபோர் ராணுவச் சீருடைச் சட்டையைச் சாயம் போட்டுச் சமாளிக்கும் வேலை வேண்டாம்.

பூங்காவில் கூடுவதுதான் பலர் கோட்டைவிடும் இடம். “நாங்கள் போராட்டமா செய்கிறோம்?” என்று கேட்பீர்கள். 2009-ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டம், ஒரு நிகழ்வை நினைவுகூரக் கூடுவதையும் ‘கூட்டம்’ என்கிறது. 1943 அக்டோபர் 21 அன்று கேத்தே கட்டடத்தில் நேதாஜி ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசை அறிவித்ததை நினைத்துத்தானே நீங்கள் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தீர்கள்? அப்படியானால் காவல்துறை அனுமதி வேண்டும். இல்லாமல் நடத்தினால் ஏற்பாடு செய்தவருக்கு 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை, கலந்துகொண்டவருக்கு 3,000 வெள்ளி வரை அபராதம். பூங்காவை நிர்வகிக்கும் தேசியப் பூங்காக் கழகத்தையும் தனியாகக் கேட்க வேண்டும். குழுவில் வெளிநாட்டு நண்பர் இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள்.

கொடியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கொண்டுவருவீர்கள் என்று தெரியும். அயல்நாட்டுக் கொடியைப் பொது இடத்தில் காட்டுவதைக் கட்டுப்படுத்த 1949-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆசாத் ஹிந்த் கொடி இன்று எந்த நாட்டுக்கும் சொந்தமில்லையே என்று வாதாடலாம்தான். அந்த வாதத்தைப் பூங்காவில் நின்று போலீஸ்காரரிடம் செய்ய வேண்டாம். கொடியின் படத்தையும் விண்ணப்பத்திலேயே இணைத்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், முதல் ஆண்டு பூங்காவை விட்டுவிடுவேன். கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தில் பேசிப் பாருங்கள். கட்டடத்துக்குள், அவர்கள் ஏற்பாட்டில், தாத்தாவின் கதையோடு சீருடையைக் காட்டுவதற்கு இவ்வளவு தலைவலி இருக்காது. 1945-இல் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னத்தைத் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதே ஆண்டில் இடித்துவிட்டார்கள்; 1995-இல் வைத்த அடையாளம்தான் இப்போது பூங்காவில் இருக்கிறது. அது அடுத்த ஆண்டும் அங்கேயேதான் இருக்கும்.

முன்பணம் பற்றி: உங்கள் நாட்டில் இறக்குமதிக்கு அனுமதியில்லை என்றால் ஆர்டரை ரத்து செய்யலாம் என்று கடையின் விதிமுறையில் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வரியைக் காட்டிக் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். கடிதத்தோடு அனுப்பிய படத்தைப் பார்த்தேன். தாத்தா கையை மடித்துவிட்ட சட்டையோடு, இடது பக்கம் சாய்ந்த தொப்பியோடு நிற்கிறார். கையில் துப்பாக்கி இல்லை.